தண்ணி ஏறின பக்கம்

முப்பிடாதி அம்மன் கோயிலுக்குப் புது மடப்பள்ளி கட்ட அஸ்திவாரம் தோண்டிய அன்றைக்குத்தான் ஆவரங்குளத்தில் தண்ணீர் ஆள் பார்த்து ஏற ஆரம்பித்தது. அதற்கு முந்தின வாரம் கோயிலின் பெரிய வெங்கல உருளி காணாமல் போயிருந்ததால், ஊர் ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டதே தவிர, தண்ணீருக்கு என்ன வந்தது, ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒருத்தரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுவிட்டா குடை பிடிக்கிறோம்?

அந்த உருளி லேசுப்பட்டது இல்லை. நாலு ஆம்பளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும். உள்ளே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். சித்திரைக் கொடைத் திருவிழா முடிந்த சாயங்காலம், சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துப் போனது என்று, கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று குளத்துப் படித்துறையில் கடைசிப் படியில் அதை இறக்கி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி கோடை மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் குளம் மூன்று படி ஏறி நிற்கிறது, உருளியைக் காணோம். இளவட்டங்கள் முங்கி முங்கித் தேடினார்கள். சேற்றைத் துழாவியதில் எந்தக் கொடைக்கோ கைதவறி விழுந்த ஒரு வெங்கலக் கரண்டி கிடைத்தது, உருளி கிடைக்கவில்லை. கையளவு கரண்டியே விழுந்த இடத்தை விட்டு நகராமல் கிடக்கும்போது அவ்வளவு பெரிய உருளி மட்டும் எங்கே போய்விடும்? ஆகவே களவு. தூக்க நாலு பேர் வேண்டும் என்பதால் களவாணியும் நாலு பேர். நாலு பேர் என்று ஆகிவிட்டால் அப்புறம் ஊரில் யாரைத்தான் விட்டுவைக்க முடியும்?

கோயில் பாத்திர அறைச் சாவி ஆவுடைத்தங்கத்தின் இடுப்பில் தொங்கியது. உருளியைப் படியில் வைக்கச் சொன்னவளும் அவள்தான். ஆகவே களவாணி அகப்படாவிட்டால் விரல் கடைசியில் தன் பக்கம்தான் திரும்பும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், சந்தேகம் என்பது ஆவுடைக்குப் பிறவிக் குணம். பால்காரன் சிரித்தால் பாலில் என்ன கலந்தான் என்று யோசிப்பாள், சிரிக்காவிட்டால் எவ்வளவு கலந்தான் என்று யோசிப்பாள். பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே நிற்கும் வேப்பமரம் தன் முற்றத்தில் மட்டும் வேண்டுமென்றே இலை கொட்டுகிறது என்று அதை முறைத்துக்கொண்டே கூட்டுவாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆத்மா தங்கச்சி வள்ளிமயில். ரெண்டு வீடு தள்ளி இருந்தாள், புருஷன் இல்லை, மகளைச் சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்துவிட்டுக் கரண்டி பிடித்துப் பிழைத்தாள். கல்யாணமோ சடங்கோ, ஊரில் அவள் கைச்சோறுதான். மடப்பள்ளி எழும்பியதும் சமையல் அவள் பொறுப்பு என்று தர்மகர்த்தா பூலுடையார் வாக்குக் கொடுத்திருந்தார். பெயர் கெட்டால் போச்சு. கை சுத்தம் இல்லாதவளை யார் அடுப்படிக்குள் விடுவார்கள்?

அஸ்திவாரம் தோண்டியது ஆவுடையின் புருஷன் தளவாய்க் கொத்தனார். மட்டம் பார்க்கும் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைக் கையாள் கொம்பையாவிடம் கொடுத்தார். மறுமுனை பிடிக்கச் சித்தாள் வரவில்லை என்று, வேடிக்கை பார்க்க வந்த ஆவுடையின் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் அது. நடுவில் எப்படி வளைந்து சுருண்டு கிடந்தாலும் ரெண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அந்த நம்பிக்கையில்தான் உலகத்தில் சுவர் எழும்புகிறது. அன்றைக்கு நிற்கவில்லை. கொம்பையா பக்கம் நாலு விரல் ஏறி நின்றது.

"ஏலே, குழாய மிதிச்சிட்டு நிக்கியா?" என்றார் தளவாய்.

"இல்லண்ணாச்சி, நீங்களே பாருங்க."

காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். தளவாய் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றினார். மறுபடி நாலு விரல். ஆட்களை இடம் மாற்றினார். கிழக்கே நின்றவன் மேற்கே போனான், தண்ணீரும் அவனோடு மேற்கே போய் ஏறியது. கொம்பையாவை விலக்கிவிட்டு வேறொருத்தனை நிறுத்தினார், ரெண்டு விரல். தளவாய் தலையைச் சொறிந்துகொண்டு பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவளோ இமை கொட்டாமல் எதிர்முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

"கொம்பையன் மச்சான் பழைய பித்தளை, ஈயம் எடுக்கவன்லா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு. அவளுக்கு எதையும் சத்தமாக யோசித்துத்தான் பழக்கம். "தண்ணிக்குத் தெரியும்போல இருக்கே, எம்மா!"

அவ்வளவுதான். பூலுடையார் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டினார், அம்மனே தண்ணீரில் இறங்கிவிட்டாள் என்றார், மடப்பள்ளி வேலை அங்கேயே நின்றது. குழாயின் ரெண்டு முனைக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கோயில் முன்மண்டபத்தில் சுருட்டி வைத்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கு ஒருத்தராக வந்து முனை பிடிக்க வேண்டும், எதிர்முனை ஆவுடை பிடிப்பாள் என்று ஏற்பாடு. ஏன் அவள்? சாவிக்காரி என்பது ஒன்று. இன்னொன்று, மற்றவர்கள் பிடித்தால் அரை விரல் ஒரு விரல் ஏறும் தண்ணீர், அவள் பிடித்தால் சாடி ஏறியது. உண்மை நிற்கிற கை அது என்று ஊர் சொன்னது. ஆவுடைக்கும் அது பிடித்திருந்தது. அதுவரை வாய்க்காரி என்று பெயர் எடுத்தவளை இப்போது எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று, "சாப்பிட்டாச்சா மைனி?" என்று பயந்து விசாரித்தார்கள்.

மாயம் ஊருக்குள் வந்துவிட்டால் நாலாம் நாளே அதற்கு வேலை கொடுத்துவிடுவார்கள் நம் ஆட்கள். பெண் பார்க்க வந்தவர்கள் தாம்பூலத்தோடு குழாயையும் கேட்டார்கள். எடை போடும் முன்னால் மீன்காரியிடம் ஒரு முனையை நீட்டினார்கள். கடையில் அரை முழம் குழாய் வாங்கி ஆளாளுக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேச்சு நடுவே சட்டென்று எடுத்து எதிராளியின் மூக்குக்கு நேரே பிடித்தார்கள். புருஷன் பெண்டாட்டிகள் சோதித்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, ஆயுசு முழுக்க ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் சண்டை போட்ட ஜோடிகளுக்குத்தான் தண்ணீர் நூல் பிடித்தமாதிரி மட்டமாக நின்றது. அவர்கள் தெரு நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். வெள்ளந்தியாக இருந்தவர்கள் பக்கம்தான் ஏறியது. நம்பிப் பிடித்தவர்கள் எல்லாம் நனைந்து, தலைகுனிந்து வீட்டுக்குப் போனார்கள். கொம்பையாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தெருவில் சிரிப்புச் சத்தம் குறைந்துபோனது, ஏனென்றால் சிரித்தால் எதற்கு என்று கேட்டார்கள்.

உருளி மட்டும் வரவில்லை.

"எல்லாரையும் பிடிச்சுப் பாத்தாச்சு. ஒன் தங்கச்சிய மட்டும் கூப்பிடலையே, மைனி?" என்று ஒரு வெள்ளிக்கிழமை சண்முகவடிவு சத்தமாக யோசித்தாள்.

வள்ளிமயில் அரைத்துக்கொண்டிருந்த மாவுக் கையைக் கழுவிவிட்டு அப்படியே வந்து முனையைப் பிடித்தாள். தண்ணீர் அசையவில்லை. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம், ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லை. வள்ளிமயில் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள், "போதுமா? அடுப்புல உலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காளும் தங்கச்சியும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று கூட்டம் முணுமுணுத்தது. ஆவுடை அவர்கள் எல்லோரையும் ஒரு பிடி பிடித்து, நாக்கு அழுகிப்போகும் என்று சாபம் விட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் சும்மா இருந்தாளா? அரிசி களையும்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மட்டமாக நின்றதும் அவள் ஏன் சிரிக்க வேண்டும்? மட்டமாக நிற்கும் என்று முன்னாலேயே தெரிந்தவள்தானே சிரிப்பாள்? தெரியாதவளாக இருந்தால் பெருமூச்சு அல்லவா விட்டிருப்பாள்? அப்புறம் ஒவ்வொன்றாக வரிசை கட்டி வந்தன: கொடையன்றைக்கு உருளியைக் குளத்தில் ஊறவைக்கலாம் என்று முதலில் வாயெடுத்தவள் வள்ளிமயில்தான்; மறுநாள் காலையில் எல்லோரும் பதறியபோது பதறாமல் நின்றவளும் அவள்தான்; அவள் வீட்டுப் பின்பக்கம் புதிதாகக் கொத்திவிட்ட மண் கிடந்தது, கேட்டால் அவரை விதை போட்டிருக்கிறேன் என்றாள், இந்தக் கோடையில் யாராவது அவரை போடுவார்களா? அடிவயிற்றில் இருந்து ஒரு பாரம் மேலே வந்து ஆவுடையின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஒரே வயிற்றில் பிறந்தவளை நினைத்தோமே என்று அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சந்தேகப்பட்டாள்.

அடுத்த செவ்வாய் அவளே போய்த் தங்கச்சியைக் கூப்பிட்டாள். "ஊர் வாய மூடணும்லா. இன்னொரு தரம் பிடிச்சிரு."

வள்ளிமயில் வந்து முனையைப் பிடித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள் ஏன் சிரிக்கவில்லை என்று ஆவுடை நினைத்து முடிப்பதற்குள், குழாய்த் தண்ணீர் மறுமுனையில் சர்ரென்று ஏறி, வாயைத் தாண்டி, தங்கச்சியின் முகத்தில் அடித்து, மாராப்பெல்லாம் நனைத்து வழிந்தது. இந்த முனையில் ஒரு முழத்துக்கு வெறும் குழாய். ஊரே வாயைப் பிளந்தது. யாருக்கும் அவ்வளவு ஏறியதில்லை.

வள்ளிமயில் முகத்தைத் துடைக்கவில்லை. "எக்கா," என்றாள் மெதுவாக, "ஒம் பக்கத்தப் பாரு." குழாயைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள்.

அவள் வீட்டுப் பின்பக்கம் தோண்டிப் பார்த்தார்கள். அவரை விதைகள் முளைவிட்டுக் கிடந்தன. உருளியை விற்றுத் தின்றிருப்பாள் என்றார்கள். மடப்பள்ளிச் சமையலுக்கு வெளியூர் ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார் பூலுடையார். அந்த வாரச் சமையலுக்கு அவளிடம் பேசியிருந்த வளைகாப்புக்காரர்கள் தாம்பூலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வள்ளிமயில் வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் மகள் வீட்டோடு போய்விடப்போகிறாள் என்று தெரு பேசியது. ஆவுடைக்கு அதிலும் சந்தேகம், போவதானால் உடனே போகாமல் ஏன் வெள்ளி வரைக்கும் இருக்கிறாள் என்று.

வெள்ளிக்கிழமை காலையில் உருளி வந்தது.

மழைத் தண்ணீர் வற்றி, குளத்தின் மறுகரையில் கோரை அறுக்கப் போனவன் கத்திய கத்தலில் ஊர் அங்கே ஓடியது. கோரைப் புதர் நடுவே, அடி சேற்றில் படிந்து, வாய் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது உருளி. உள்ளே சருகும் குச்சியும் குவித்து நீர்க்கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆட்களைக் கண்டதும் அது, யார் வீட்டுக்குள் யார் வருவது என்கிற மாதிரி கழுத்தை நீட்டிச் சீறியது.

"நாலு பேருமாச் சேந்து இங்ஙன ஒளிச்சு வச்சிருக்கானுவ," என்றார் பூலுடையார்.

தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கூட்டை மெதுவாகத் தூக்கிப் புதரில் வைத்தார். நாலு பேரைக் கூப்பிட்டு உருளியை இழுத்துக் குளத்துத் தண்ணீரில் விட்டார். அது முங்கவில்லை. தாமரை இலை மாதிரி லேசாக ஆடிக்கொண்டு நின்றது. தளவாய் ஒற்றை விரலால் தள்ளினார். நாலு ஆம்பளைகள் மூச்சைப் பிடித்துத் தூக்கும் உருளி, ஒரு விரலுக்கு நகர்ந்து, தன்பாட்டுக்குப் படித்துறையைப் பார்த்துப் போனது.

"கரண்டி முங்கும்," என்றார் அவர். "இது வயித்தத் தொறந்துகிட்டு இருக்கு. தண்ணி தாங்கத்தான செய்யும்? மழைக்குக் குளம் ஏறுச்சு, இதுவும் ஏறுச்சு, காத்து தள்ளிட்டு வந்துட்டு. களவாணியாவது மண்ணாவது."

பிறகு ஒருத்தர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையா தோளில் யாரோ கைபோட்டார்கள். "அப்போ தண்ணி ஏறுச்சே?" என்று ஒருவன் கேட்டதற்கு, "ஆளாளுக்கு வேற என்னென்ன களவு இருக்கோ, அம்மனுக்குத் தெரியாதா" என்று சண்முகவடிவு பதில் சொல்ல, அதுவும் சரிதான் என்று அத்தோடு விட்டுவிட்டார்கள். மாயத்தை விட்டுக்கொடுக்க ஊருக்கு மனசு வரவில்லை.

ஆவுடை சிரிக்கவில்லை. நேரே மண்டபத்துக்குப் போனாள், குழாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டினாள். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். கொட்டிய இலைகளைப் பார்த்தாள். மரத்துப் பக்கம் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறி, பட்டையில் வழிந்தது.

"வேப்பமரமும் கூட்டுக் களவாணியோ?" தளவாய் சேற்றுக் காலோடு வாசலில் நின்றார்.

அவள் திரும்பவில்லை. அவிழ்த்துக்கொண்டுபோய் ஆட்டுக்கல்லில் கட்டினாள். ஆட்டுக்கல் மீது அவளுக்கு என்ன புகார்? ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டமாக நின்றது. மறுபடி மரத்துக்கு வந்தாள், மறுபடி ஏறியது. அப்போதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாக, ஏறின பக்கத்தை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்த முனைக்குள் தண்ணீர் இறங்கிக் கிடந்தது, யாரோ மேலே உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி.

"இந்தா பாருங்க," என்றாள். "எறங்குறது எப்பவும் எம் பக்கம்தான்."

"ஒரு பக்கம் அமுக்குனாத்தான மறு பக்கம் ஏறும்," என்றார் தளவாய்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா மறுமுனைய எங்கையில குடுத்திருப்ப."

ஆவுடை வேப்பிலைக் குப்பையில் உட்கார்ந்தாள். யார் யார் முகத்திலோ தண்ணீர் அடித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அத்தனையும் தன் நெஞ்சில் இருந்து புறப்பட்டுக் குழாய் வழியாகப் போனதுதானா? கடைசியாக, மாராப்பு நனைந்து நின்ற தங்கச்சியின் முகம் வந்தது. எழுந்து, குழாயை மரத்திலிருந்து அவிழ்த்து, ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள், குழாய் தரையில் இழுபட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது.

வள்ளிமயில் கரண்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், அக்காவின் கையில் இருந்த குழாயையும் பார்த்தாள்.

"மூணாம் தரமா?"

"உருளி கெடச்சிட்டுட்டீ. தானா மெதந்து போயிருக்கு."

"கேள்விப்பட்டேன்."

"எல்லாம் எங்கூறுகெட்ட புத்தி. ஒம்மேல எனக்கு இப்ப ஒண்ணுமே இல்ல, வள்ளி. நெசமாத்தான் சொல்லுதேன். பிடிச்சுப் பாரு, ஒரு நூலு ஏறாது. ஏறுச்சுன்னா என்னைய என்னன்னு கேளு."

வள்ளிமயில் சாக்கைக் கீழே வைத்தாள். வாசலில் வந்து நின்று முனையை வாங்கிக்கொண்டாள். தெருவில் ரெண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு தன் நெஞ்சுக்குள் துழாவினாள். பாரம் இல்லை. சிரிப்பும் அவரை விதையும் கொத்திய மண்ணும் எதுவும் இல்லை. சின்னப் பிள்ளையில் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த நினைப்பு மட்டும்தான் இருந்தது. தைரியமாகக் கண்ணைத் திறந்தாள்.

தண்ணீர் அசைந்தது.

வள்ளிமயிலின் பக்கம் அது இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரு விரல், ரெண்டு விரல், நாலு விரல். எதற்கு வந்திருக்கிறாள் இவள், இதிலும் என்ன வைத்திருக்கிறாள், ஊர் பார்க்கத்தானே வாசலில் நிற்கிறாள் என்று அந்தக் கண்கள் அக்காவை அளந்துகொண்டிருந்தன. இந்தக் கண்ணை ஆவுடைக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த கண்தான் அது. இந்த முனையில் தண்ணீர் ஏறி ஏறி, விளிம்புக்கு வந்து, குளுகுளுவென்று அவள் விரல்களில் வழிய ஆரம்பித்தது.

குழாயை ஒரு சாண் தூக்கிப் பிடித்தால் சிந்தாது என்று அவளுக்குத் தெரியும். தூக்கவில்லை. தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, இடுப்புச் சாவியை நனைத்து, கால் விரலுக்கு வந்தது. "கொட்டட்டும், வள்ளி," என்றாள். "எல்லாம் கொட்டட்டும். நான் இங்ஙனதான் நிக்கேன்."

தெருமுனையில் சங்கரன்கோவில் பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. வள்ளிமயில் சாக்கைப் பார்த்தாள், அக்காவின் நனைந்த கையைப் பார்த்தாள், குழாயை விடவில்லை. ரெண்டாவது தரம் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஏற ஆள் இல்லை என்று பஸ் கிளம்பிப் போனது.